சென்னைல புதுசா மீன் டேங்க் வைக்கறீங்களா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுத் தண்ணிய பாருங்க

"மாமா, கப்பிக்கு வாலே காணோம்"னு எங்க அக்கா பையன் பெரம்பூர்ல இருந்து போன் பண்ணப்ப நைட்டு ஒன்பது மணி இருக்கும். அவன் பொறந்தநாளுக்கு வாங்கின ரெண்டடி டேங்க், வச்சு மூணு நாள் கூட முழுசா ஆகல. மறுநாள் போய்ப் பாத்தேன். ஒரு ஆண் கப்பி ஃபில்டர் பின்னாடி போய் ஒட்டிக்கிட்டு நிக்குது, வால் இருக்க வேண்டிய இடத்துல கிழிஞ்ச துணியில நூல் தொங்கற மாதிரி நாலு இழை தொங்குது, முன்னாடி நாலு டைகர் பார்ப் கண்ணாடி ஓரமா விரட்டி விரட்டி சுத்திட்டு இருக்கு. அதே டேங்க்ல ரெண்டு கோல்டு ஃபிஷ், ரெண்டு குட்டி ஏஞ்சல், ஒரு சில்வர் ஷார்க், ஒரு சக்கர். "எல்லாம் ஒண்ணா இருக்கும் தம்பி, ஒண்ணும் ஆகாது"ன்னு கடையில சொல்லி கவர்ல போட்டுக் கொடுத்திருக்காங்க. ரெண்டே வாரத்துல பாதி செத்துப்போச்சு. பத்து வயசுப் பையன், ஒவ்வொண்ணா வலையில எடுக்கறப்ப அவன் முகத்த பாக்க முடியல.

இது நடக்காம இருக்கணும்னு தான் இத எழுதறேன். பத்து வருஷத்துக்கு மேல வீட்ல டேங்க் வச்சிருக்கேன், கலர் மீன் கடைங்க நிறைஞ்ச கொளத்தூர் பக்கம் மாசத்துக்கு ஒரு தடவையாவது போயிடுவேன், புதுசா ஆரம்பிக்கறவங்க எல்லாரும் செய்யற முதல் தப்பு என்னன்னா மீன கலர் பாத்து எடுக்கறது. கலர் கடைசி. முதல்ல தண்ணி, அப்புறம் அந்த மீன் எவ்ளோ பெருசா வளரும், அப்புறம் அதோட குணம், அதுக்கப்புறம் உங்களுக்குப் பிடிச்ச கலர். இந்த வரிசைய மாத்தாதீங்க.

தண்ணின்னு சொல்றப்ப எல்லாரும் "மெட்ரோ வாட்டர் தான்"னு சொல்லிடுவாங்க, ஆனா சென்னைல ஒரு வீட்டுக்கு ஒரு தண்ணி. சில ஏரியாவுக்கு புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி வரும், சில ஏரியாவுக்கு மீஞ்சூர், நெம்மேலில கடல் தண்ணிய சுத்திகரிச்சு அனுப்பறது வரும் (மீஞ்சூர் 2010ல, நெம்மேலி 2013ல ஆரம்பிச்சது), ஓஎம்ஆர் பக்கம் அபார்ட்மென்ட்ல பாதி நாள் லாரித் தண்ணி, மிச்ச நாள் போர், ரெண்டும் ஒரே சம்ப்புல கலந்து மேல ஏறும். அதனால உங்க தண்ணி என்னன்னு நீங்க தான் பாக்கணும். ஒரு டிடிஎஸ் பென் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு, தாது எல்லாத்தோட மொத்த அளவ காட்டறது) வாங்கிக்கோங்க, சில நூறு ரூபா தான், ஒரு வாரம் தினமும் காலைல குழாய்த் தண்ணிய அளந்து எழுதி வைங்க. பிஎச்சுக்கு (தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற அளவு) சொட்டு மருந்து மாதிரி ஊத்தற டெஸ்ட் கிட் கடையிலயே கிடைக்கும்.

இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, டிடிஎஸ் அதிகமா இருந்தா தண்ணி கடினத் தண்ணின்னு (கால்சியம் மாதிரி தாது ஜாஸ்தியா உள்ள தண்ணி) உடனே முடிவு பண்ணக்கூடாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் ஓரத்துல சில வீட்டு போர்ல உப்பு ஏறியிருக்கும், அப்ப டிடிஎஸ் ஏர்றது உப்பாலயும் தான். உள்ள தள்ளி இருக்கற ஏரியால கால்சியம் ஜாஸ்தியா இருக்கும். வீட்லயே கண்டுபிடிக்கலாம், பக்கெட் ஓரத்துலயும் வெந்நீர் வைக்கற பாத்திரத்துலயும் வெள்ளையா கெட்டியா படியுதுன்னா கால்சியம், வாயில வச்சா கரிக்குதுன்னா உப்பு. அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் பிளான்ட் இருந்தா இன்னொரு சிக்கல், அது கால்சியத்த எடுத்துட்டு அந்த இடத்துல சோடியத்த விடும், அதனால டிடிஎஸ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும் ஆனா மீனுக்கு வேண்டிய கால்சியம் இருக்காது. சாஃப்ட்னருக்கு முன்னாடி இருக்கற பைப்புல தண்ணி பிடிக்க முடியுமான்னு வாட்ச்மேன் அண்ணன கேட்டு வைங்க.

சரி, நான் வச்சிருக்கற கணக்கு இது. டிடிஎஸ் 250க்குள்ள இருந்தா டெட்ரா வகை, கௌராமி, கோரி (அடியில மேயற குட்டிக் கெளுத்தி வகை) எல்லாம் நிம்மதியா இருக்கும். 300ல இருந்து 600 வரைக்கும்னா பண்ணையில வளந்த மீன் பெரும்பாலும் பழகிக்கும். 800க்கு மேல போச்சுன்னா மனச தேத்திக்கிட்டு குட்டி போடற வகைக்கு வந்துடுங்க, கப்பி, மோலி, ப்ளாட்டி, ஸ்வார்ட் டெயில், இதுங்களுக்கு கடினத் தண்ணி தான் இஷ்டம், பிஎச் எட்டு இருந்தாலும் சந்தோஷமா இருக்கும். உப்பு கரிக்கற தண்ணின்னா மோலி இன்னும் நல்லது, அது கழிமுகத் தண்ணியிலயே வாழற மீன். கொஞ்சம் பெரிய டேங்க் இருந்தா ரெயின்போ மீனும் கடினத் தண்ணில நல்லா வரும், குட்டியா இருக்கறப்ப கடையில வெளுத்துப்போய் ஒண்ணுமில்லாத மாதிரி தெரியும், ஆறு மாசம் பொறுத்தா அந்த கலர் வேற எதுலயும் வராது.

"அண்ணா எனக்கு நியான் டெட்ரா தான் வேணும்"னு சொல்றவங்க நிறைய. புரியுது, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா நியான் அமேசான் பக்கத்துல இருந்து வந்த மீன், மென்மையான தண்ணி, 22ல இருந்து 26 டிகிரி தான் அதுக்கு சுகம். நம்ம ஊர்ல மே மாசம் மாடி வீட்ல டேங்க் தண்ணி 31, 32 டிகிரிக்கு சாதாரணமா போகும், நியானுக்கு அது தினம் தினம் காய்ச்சல் மாதிரி. அதுக்கு பதிலா கார்டினல் டெட்ரா எடுங்க, பாக்க கிட்டத்தட்ட நியான் மாதிரியே இருக்கும், சிவப்புக் கோடு மூக்குக்குக் கீழ இருந்து வால் வரைக்கும் முழுசா ஓடும் (நியானுக்கு வயித்துக்குப் பின்னாடி தான் ஆரம்பிக்கும்), சூட்ட நல்லா தாங்கும். விலை கொஞ்சம் கூட, ஆனா வெயில் காலம் முடிஞ்சும் உயிரோட இருக்கும். இதுக்கு ஆர்ஓ தண்ணியும் குழாய்த் தண்ணியும் கலந்து டிடிஎஸ்ஸ கொண்டுவரணும். வெறும் ஆர்ஓ தண்ணில மட்டும் மீன் வைக்காதீங்க, அதுல தாது உப்பே இருக்காது, பிஎச் திடீர்னு விழும். ஒவ்வொரு வாரமும் தண்ணி மாத்தறப்ப அதே அளவுல கலக்க உங்களால முடியுமான்னு நேர்மையா யோசிங்க, முடியாதுன்னா கப்பி, ப்ளாட்டி பக்கம் வந்துடுங்க, அதுல எந்தக் குறையும் இல்ல, நல்ல வகை ஆண் கப்பி எட்டு ஒரு டேங்க்ல ஓடறத பாத்தா நியானே மறந்துடும்.

கோல்டு ஃபிஷ்ஷ பத்தி ஒரு வார்த்தை. அது குளிர்ந்த தண்ணி மீன், சாப்பிட்டுக்கிட்டே இருக்கும், கழிவு போட்டுக்கிட்டே இருக்கும், மத்த சின்ன மீனோட அத சேக்காதீங்க. வேணும்னா அதுக்குன்னு தனியா பெரிய டேங்க்.

அடுத்தது அளவு. கடையில எல்லா மீனும் ஒண்ணரை இன்ச் தான் இருக்கும், அதுல தான் எல்லாரும் ஏமாந்து போறோம். அக்கா பையன் டேங்க்ல இருந்த அந்த சில்வர் ஷார்க் ஒரு அடிக்கு மேல வளரும், கூட்டமா நீந்தற மீன் வேற, ரெண்டடி டேங்க்ல அது திரும்பறதுக்கே இடம் இருக்காது. சக்கர் அத விட மோசம், "டேங்க் க்ளீனர் சார், பாசிய எல்லாம் சாப்பிட்டுடும்"னு சொல்லி விப்பாங்க, அது ஒண்ணே கால் அடி, ஒண்ணரை அடி வரைக்கும் போகும், பாசி சாப்பிடறத விட அது போடற கழிவு தான் ஜாஸ்தி, பெருசானதும் பாசி மேல அக்கறையே போயிடும். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம பக்கத்து ஏரில கொண்டு போய் விடறாங்க. தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. சக்கர் தென் அமெரிக்க மீன், நம்ம ஊர் ஏரி குளத்துல ஏற்கனவே பரவிக் கிடக்கு, கரையில பொந்து தோண்டும், நம்ம கெண்டை கெளுத்தியோட சாப்பாட்டயும் எடத்தயும் பிடுங்கும், முள்ளும் தோலும் அவ்ளோ கெட்டி, வலையில மாட்டினா வலை கிழிஞ்சு மீன் பிடிக்கறவங்களுக்குத் தான் நஷ்டம். வளக்க முடியலன்னா வாங்கின கடைக்கே திருப்பிக் கொடுங்க, காசு வேணாம்னு சொன்னா நிறைய பேர் வாங்கிப்பாங்க.

பாசிக்கு தான் மீன் வேணும்னா பிரிஸில்நோஸ்னு ஒரு வகை இருக்கு, நாலஞ்சு இன்ச்சோட நின்னுடும், மூக்கு மேல முள் முள்ளா மீசை மாதிரி இருக்கும், மூணடி டேங்க்குக்கு ஒண்ணு போதும். கடினத் தண்ணின்னா நெரைட் நத்தை இன்னும் அருமை, கண்ணாடிய துடைச்சு வச்ச மாதிரி ஆக்கிடும், நல்ல தண்ணில அதோட முட்டை பொரியாதுங்கறதால டேங்க் பூரா நத்தையா பெருகுமோங்கற கவலையும் இல்ல.

டேங்க் சைஸ் கணக்கும் தெரிஞ்சுக்கோங்க. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம், ரெண்டடிக்கு ஒரடிக்கு ஒரடி டேங்க்னா 56 லிட்டர், அதுல கல்லு, மணல், மேல விடற இடம் எல்லாம் போக நிஜமா நிக்கறது 45 லிட்டர் இருந்தா அதிகம். அந்த 45 லிட்டர்ல தான் உங்க மீன் குடும்பமே இருக்கணும்.

குணம்னு வர்றப்ப ரெண்டு மூணு மீன பத்தி மட்டும் நீளமா சொல்றேன், ஏன்னா பிரச்சனை எல்லாம் பெரும்பாலும் இதுங்களால தான். டைகர் பார்ப் கெட்ட மீன் இல்ல. அது கூட்டத்துக்குள்ள ஒண்ண ஒண்ணு கடிச்சு விளையாடற மீன், எட்டு பத்து சேத்து விட்டா அந்த சண்டை அதுங்களுக்குள்ளயே முடிஞ்சிடும், நாலு மட்டும் விட்டா பக்கத்துல நீளமா எது ஆடுதோ அத போய்க் கடிக்கும், கப்பி வால், ஏஞ்சலோட நூல் மாதிரி தொங்கற துடுப்பு, ஃபைட்டர், எல்லாமே அதுக்கு இழுத்துப் பாக்கற சாமான். வேணும்னா மூணடி டேங்க்ல டைகர் பார்ப் கூட்டமா விட்டு, கூட வேகமா ஓடற ஜீப்ரா டேனியோ மாதிரி மீன் மட்டும் வைங்க. விடோ டெட்ராவும் கொஞ்சம் இந்த ரகம் தான்.

ஏஞ்சல் குட்டியா இருக்கறப்ப சாது. ஆறு மாசம் கழிச்சு, வாய்க்குள்ள போற அளவுல எது இருந்தாலும் அது சாப்பாடு தான். என் டேங்க்ல ஒரு தடவ எட்டு நியான் இருந்துச்சு, ஒரு நாள் காலைல எண்ணினா ஏழு, ரெண்டு நாள்ல ஆறு, செத்த மீனும் கண்ல படல, ஃபில்டர தொறந்து பாத்தேன், செடிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன், எங்கயும் இல்ல. நைட்டு லைட் அணைச்சதுக்கப்புறம் ஒரு மணி நேரம் டேங்க் முன்னாடி உக்காந்தேன், பெரிய ஏஞ்சல் செடி ஓரமா அசையாம நின்னு, தூக்கத்துல கலர் மங்கி மிதந்துட்டு இருந்த நியான ஒரே வாய்ல எடுத்துடுச்சு, சத்தமே இல்ல. அமேசான் ஆத்துலயும் ஏஞ்சலும் சின்ன டெட்ராவும் அப்படித்தான், தப்பு மீன் மேல இல்ல, சேத்து வச்ச என் மேல.

ஃபைட்டர் ஆண் ஒரு டேங்க்குக்கு ஒண்ணு தான், ரெண்டு ஆண் கண்டிப்பா கூடாது, கப்பி மாதிரி வண்ண வால் உள்ள மீனயும் எதிரின்னு நெனச்சு அடிக்கும், அதனால அத தனியா வச்சிடறது தான் நல்லது.

கப்பி, ப்ளாட்டி, மோலியில ஆண் ஒண்ணுன்னா பெண் ரெண்டு மூணு இருக்கணும், இல்லன்னா ஆண் எல்லாம் சேந்து ஒரே பெண்ண விரட்டி விரட்டி, அந்தப் பெண் சோர்ந்து போயிடும். குட்டி பெருகுமேன்னு பயம் இருந்தா முழுக்க ஆணாவே வாங்கிடுங்க. கோரி, டெட்ரா, ஜீப்ரா இதெல்லாம் ஆறுக்கு கம்மியா வாங்கவே வாங்காதீங்க, "ரெண்டு ரெண்டு எல்லாத்துலயும் போடுங்க"ன்னு கடையில கேக்கறது தான் நம்ம ஊர் பழக்கம், கல்யாண சாப்பாடு மாதிரி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், ஆனா கூட்ட மீன் தனியா இருந்தா பயத்துல ஒரு மூலைல நின்னு கலரே காட்டாது. வகை கம்மி, எண்ணிக்கை ஜாஸ்தி, அது தான் பாக்கவும் அழகு.

அப்போ என்ன தான் வாங்கறதுன்னு கேட்டா, போர் தண்ணி, ரெண்டடி டேங்க்னா நான் சொல்றது ஆண் கப்பி ஏழெட்டு, கீழ மேயறதுக்கு ப்ரான்ஸ் கோரி ஆறு, ரெண்டு நெரைட். தண்ணி கரிக்குதுன்னா கோரி வேணாம், உப்பு அதுக்கு ஆகாது. மூணடி டேங்க் இருக்கு, தண்ணி கலந்து பாத்துக்கற பொறுமையும் இருக்குன்னா கார்டினல் பதினஞ்சு, கோரி ஆறு, ஒரு ஜோடி பேர்ல் கௌராமி. பேர்ல் கௌராமிய நேர்ல பாத்திருக்கீங்களான்னு தெரியல, உடம்பு பூரா முத்து தூவின மாதிரி, ரெண்டு நூல் மாதிரி துடுப்ப நீட்டி எதிர்ல இருக்கறத தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே போகும், அவ்ளோ நிதானமான மீன். மூணடில போர் தண்ணியே தான்னா ப்ளாட்டி எட்டு (ஆண் ரெண்டு, பெண் ஆறு), ஜீப்ரா எட்டு, பிரிஸில்நோஸ் ஒண்ணு. ஜீப்ரா நம்ம நாட்டு மீன் தான், கங்கை, பிரம்மபுத்ரா பக்கம் ஓடைகள்ல இருக்கறது, புதுசா ஆரம்பிக்கறவங்களோட சின்னச் சின்ன தப்ப எல்லாம் தாங்கும்.

மீன் முடிவாச்சுன்னு உடனே ஓடாதீங்க, டேங்க் தயாராகணும். தண்ணி நிரப்பி ஃபில்டர் போட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு நாலுல இருந்து ஆறு வாரம் ஓட விடணும். தீனி அழுகி அம்மோனியா வரும், ஒரு வகை பாக்டீரியா அத நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அத நைட்ரேட் ஆக்கும், இந்த ரெண்டு பாக்டீரியாவும் ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியேறினா தான் மீன் போடலாம். இது நம்ம ஊருக்கு ரெண்டு மடங்கு முக்கியம், ஏன்னா அம்மோனியாவோட விஷம் பிஎச்சையும் சூட்டையும் பொறுத்தது, பிஎச் 7ல இருந்து 8 ஆச்சுன்னா மீன கொல்லக்கூடிய அம்மோனியாவோட பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகும், போர் தண்ணியோட பிஎச் பெரும்பாலும் எட்டு கிட்ட தான், சூடும் ஜாஸ்தி. வேற ஊர்க்காரர் வீடியோல தப்பிச்ச மீன் நம்ம வீட்ல செத்துப்போறதுக்கு இதுவும் ஒரு காரணம். மீன் வளக்கற ஃப்ரெண்டு யாராவது இருந்தா அவங்க பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கி உங்க ஃபில்டருக்குள்ள வைங்க, ஆறு வாரம் ரெண்டு வாரமா குறையலாம். ஆனா அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோ காட்டற வரைக்கும் மீன் வாங்காதீங்க. ஸ்பாஞ்ச குழாய்த் தண்ணில அலசாதீங்க, மெட்ரோ தண்ணில இருக்கற குளோரின் பாக்டீரியாவ கொன்னுடும், டேங்க்ல இருந்து எடுத்த தண்ணிலயே அலசுங்க.

கடைக்குப் போறப்ப பத்து நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. அந்தத் தொட்டில ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அதுல இருந்து எடுக்காதீங்க, துடுப்ப உடம்போட ஒட்டி வச்சிருக்கறது, கல்லுல உரசறது, ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி, இதெல்லாம் இருந்தா அடுத்த கடை. கொளத்தூர்ல ஒரு கடை இல்லன்னா பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு. நான் எப்பவும் கேக்கற கேள்வி ரெண்டு தான், "அண்ணே இது என்ன தண்ணில வச்சிருக்கீங்க?", "கொஞ்சம் தீனி போட்டுக் காட்றீங்களா?" உள்ளூர்லயே வளந்து, கடைத் தொட்டியிலயும் போர் தண்ணில நின்னு, தீனிக்கு ஓடி வர்ற மீன் உங்க வீட்டு போர் தண்ணிக்கு பாதி பழகினது மாதிரி. ரோஸ், நீலம்னு ஒரே மாதிரி பளிச்சுன்னு சாயம் ஏத்தின டெட்ராவும் கண்ணாடி மீனும் வாங்காதீங்க, அந்த சாயத்த ஏத்தறப்பவே நிறைய சாகும், மிச்சம் இருக்கறதும் சில மாசத்துல வெளுத்துப்போயிடும், நாம வாங்கறதால தான் அத பண்றாங்க.

எல்லாத்தயும் ஒரே நாள்ல வாங்காதீங்க, முதல்ல ஒரு கூட்டம், ரெண்டு வாரம் கழிச்சு அடுத்தது, இடம் பிடிச்சு ஆளற கௌராமி மாதிரி மீன் கடைசில. முடிஞ்சா 20 லிட்டர் பக்கெட்ல ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு புது மீன ரெண்டு மூணு வாரம் தனியா வைங்க. வெயில் காலத்துல டேங்க் மேல ஒரு சின்ன ஃபேன் ஓட விட்டா ரெண்டு டிகிரி இறங்கும், சூடான தண்ணில ஆக்ஸிஜன் கம்மியா நிக்கும்ங்கறதால ஏர் பம்ப் கண்டிப்பா ஓடணும், கரண்ட் போறப்ப ஓட பேட்டரி பம்ப் ஒண்ணும் வாங்கி வைங்க. ஃபேன் போட்டா தண்ணி சீக்கிரம் வத்தும், வத்தின அளவ ஆர்ஓ தண்ணியால நிரப்புங்க, ஏன்னா ஆவியாகறது தண்ணி மட்டும் தான், உப்பு உள்ளயே நிக்கும், மேல மேல போர் தண்ணி ஊத்தினா மே மாசம் முடியறதுக்குள்ள டிடிஎஸ் எங்கயோ போயிடும்.

வீட்டுக்கு வந்ததும் கவர தண்ணில இருபது நிமிஷம் மிதக்க விடுங்க, அப்புறம் ரப்பர் பேண்ட பிரிச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ அரை டம்ளர் டேங்க் தண்ணி உள்ள ஊத்துங்க, முக்கால் மணி நேரம் கழிச்சு மீன மட்டும் வலையில எடுத்து விடுங்க, கடைத் தண்ணிய சிங்க்ல கொட்டிடுங்க. அன்னிக்கு லைட் வேணாம், தீனி வேணாம், பசங்கள கண்ணாடிய தட்ட விடாதீங்க. காலைல எழுந்ததும் எண்ணுங்க, ஜீப்ரா ஒண்ணு குறைஞ்சா முதல்ல டேங்க்குக்குப் பின்னாடி தரையில பாருங்க, அது துள்ளற மீன், அன்னிக்கே மேல மூடி போட்டுடுங்க.